பாவாவின் அலுவலகத்தில் ஓவியர்களுக்கு என்ன வேலை?

2001 நவம்பரில் சிரியாவின் அலெப்போ கோட்டையில் ஆகா கான் கட்டடக்கலை விருது விழா நடந்தது. வாழ்நாள் சாதனைக்கான தலைவர் விருது அந்த முறை இலங்கையின் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவாவுக்குப் போனது. அதற்கு முன் அதைப் பெற்றவர்கள் இருவர்தான்: 1980-ல் எகிப்தின் ஹசன் ஃபத்தி, 1986-ல் ஈராக்கின் ரிஃபாத் சாதிர்ஜி. பாவாவுக்கு அப்போது வயது 82. 1998-ல் வந்த பக்கவாதம் அவருடைய நடமாட்டத்தையும் பேச்சையும் பறித்திருந்தது. 2003 மே மாதம் காலமானார்.

அவர் பெற்ற விருதுகளின் பட்டியல் நீளமானது. 1967-ல் அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகத்தின் ஹவாய்க் கிளை வழங்கிய பாராட்டு, 1982-ல் இலங்கைக் கட்டடக்கலைஞர் நிறுவகத்தின் முதலாவது தங்கப் பதக்கம், 1983-ல் கோட்டேயில் அவர் வடிவமைத்த இலங்கைப் பாராளுமன்றத்துக்காகப் பசிபிக் வட்டாரச் சுற்றுலாச் சங்கம் தந்த மரபுரிமை விருது, இலங்கை அரசின் பட்டங்களான 1985-ன் வித்யாஜோதி, 1993-ன் தேசமான்ய. எல்லாவற்றிலும் இருப்பது ஒரே பெயர். ஆனால் விருதுக் குழுக்கள் எதைப் பார்த்து வியந்தன என்று அந்தக் கட்டடங்களுக்குள் போய்த் தேடினால், கொத்தனாரின் கரண்டியோடு மெழுகுக் கிண்ணமும் தறியும் தூரிகையும் சேர்ந்தே வருகின்றன.

அந்தப் புகழ் ஒரு தனி மனிதரின் கற்பனையில் மட்டும் விளைந்ததல்ல என்பது என் எண்ணம். அவர் பங்காளியாக இருந்த எட்வர்ட்ஸ், ரீட் அண்ட் பெக் என்ற கொழும்பு அலுவலகம், உள்ளூர் ஓவியர்களையும் துணிக் கலைஞர்களையும் வரைமேசைக்கே கூட்டிவந்து வேலை கொடுத்தது. கட்டி முடித்த பிறகு சுவரில் படம் மாட்டுவதற்காக அவர்களை அழைக்கவில்லை. அந்த ஏற்பாடு எப்படி உருவானது, எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் அந்தப் பதக்கங்களின் மதிப்பும் முழுதாகப் புரியும்.

பாவா முதலில் வழக்கறிஞர். கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் படித்து, இலண்டனில் சட்டம் முடித்து வந்தவருக்கு நீதிமன்றம் பிடிக்கவில்லை. 1948-ல் பெந்தோட்டைக்கு அருகே, ஆற்றங்கழி ஓரமாக ஒரு இறப்பர்த் தோட்டத்தை வாங்கி, அதைத் தோட்டக்கலையாக மாற்ற முனைந்தார். அதுதான் லுணுகங்கை. மனதில் இருப்பதை மண்ணில் கொண்டுவரத் தொழில் தெரியவில்லை என்பது விளங்கியதும், மறுபடி இலண்டன் போய்க் கட்டடக்கலை படித்தார். 1957-ல் பட்டம் பெற்றபோது வயது 38. பிரிட்டிஷ் காலத்திலிருந்தே கொழும்பில் இயங்கிவந்த எட்வர்ட்ஸ், ரீட் அண்ட் பெக் நிறுவனத்தில் பங்காளியாகச் சேர்ந்தார். அடுத்த முப்பது ஆண்டுகளில் அவருடையது என்று நாம் சொல்லும் கட்டடங்களில் பெரும்பாலானவை அந்த நிறுவனத்தின் பெயரில்தான் வெளிவந்தன.

இங்கே ஒரு பொருளாதாரக் காரணம் இருக்கிறது. கலை பற்றிய எழுத்துகளில் அதற்கு உரிய இடம் கிடைப்பதில்லை. 1960-களில் இலங்கையின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு கரைந்தது. இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு வந்தது. உருக்குச் சட்டம், பெரிய கண்ணாடி, வெளிநாட்டுத் தளபாடம், திரைத்துணி என்று நவீனக் கட்டடத்துக்கு வேண்டிய எதுவும் எளிதில் கிடைக்காது. அந்தக் காலத்தில் வீடு கட்டிய எவரும் உள்ளூர் மரம், உள்ளூர்க் கல், உள்ளூர் ஓடு, உள்ளூர்த் துணி என்றுதான் இறங்கியாக வேண்டும். பலருக்கு அது தலைவலியாக இருந்தது. பாவாவும் அவரோடு வேலைசெய்த டேனிஷ் கட்டடக்கலைஞர் உல்ரிக் பிளெஸ்னரும் அதையே கைமுதலாக எடுத்துக்கொண்டார்கள்.

அதற்கு நல்ல சாட்சி, கொழும்பு அல்ஃப்ரட் பிளேஸில் 1960-க்கும் 1962-க்கும் இடையில் எழுந்த ஏனா டி சில்வாவின் வீடு. சின்ன நகர மனை. நான்கு பக்கமும் மதில். நடுவில் பெரிய முற்றம். அதைச் சுற்றித் தாழ்வாரம். முதிரை மரத் தூண்கள். கண்ணாடி இல்லை. தெருவிலிருந்து பார்த்தால் சுவர்தான் தெரியும். உள்ளே போனால் வானம் தெரியும். சுற்று முற்றமும் தாழ்வாரமும் யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டிலோ காரைக்குடி வீட்டிலோ வளர்ந்தவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் பங்களா வைத்துச் சுற்றிலும் புல்வெளி விடுவதுதான் கௌரவம் என்றிருந்த அன்றைய கொழும்பில் அது ஒரு திருப்பம்.

அந்தக் காலத்துக் கூரையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். பீலி ஓடு, தமிழ்நாட்டில் நாட்டு ஓடு என்போமே, அதை மட்டும் வேய்ந்தால் பருவமழையில் ஒழுகும். காகமும் குரங்கும் நகர்த்திவிடும். வருடா வருடம் பிரித்து அடுக்க வேண்டும். சீமெந்து நெளித்தகட்டை மட்டும் போட்டால் மழை நிற்கும், ஆனால் வீடு தொழிற்சாலைபோல் இருக்கும். இந்த அலுவலகம் நெளித்தகட்டை அடியில் விரித்து, அதன் பள்ளங்களில் பீலி ஓடுகளைக் கிடத்தியது. தண்ணீரைத் தகடு பார்த்துக்கொள்ளும். வெயிலையும் தோற்றத்தையும் ஓடு பார்த்துக்கொள்ளும். மலிவான, எந்தக் கொத்தனாருக்கும் கைவரும் இந்த உத்தி பின்னாளில் இலங்கை முழுவதும் பரவியது. 1983 விருதின் வாசகம் உள்ளூர் மரபுக் கட்டடக்கலையின் வழியில் அமைந்த சிறந்த வடிவமைப்பு என்று பாராட்டியது. அந்த மரபின் முதுகெலும்பாக இருந்தது மரபும் ஆலைச் சரக்கும் கலந்த இப்படிப்பட்ட சமயோசிதம்தான்.

அந்த வீட்டின் உரிமையாளரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போகக் கூடாது. ஏனா, மாத்தளை அலுவிகாரைக் குடும்பத்துப் பெண். தந்தை சேர் ரிச்சர்ட் அலுவிகாரை, பொலிஸ் மா அதிபரான முதல் இலங்கையர். கணவர் ஒஸ்மண்ட் டி சில்வாவும் அதே பதவியில் இருந்தவர். பெரிய இடத்துப் பெண்மணி பொழுதுபோக்காகத் துணியில் சாயம் போட்டார் என்று நினைத்துவிட வேண்டாம். 1960-களின் தொடக்கத்தில் அந்த வீட்டிலேயே, மகன் அனிலும் ஓவியர் லக்கி சேனாநாயக்கவும் கூட இருக்க, பத்திக் பட்டறை தொடங்கினார். துணியில் எந்த இடம் வெள்ளையாக நிற்க வேண்டுமோ அங்கே உருக்கிய மெழுகைப் பூசி, வெளிர்ச் சாயத்தில் முக்கி, உலர்த்தி, அடுத்த இடத்தை மெழுகால் மூடி, அதைவிட அடர்ந்த சாயத்தில் முக்கி, கடைசியில் கொதிநீரில் மெழுகை எடுப்பார்கள். ஒரு வண்ணம் கூடினால் ஒரு சுற்று கூடும். மெழுகு வெடித்த இடங்களில் சாயம் ஊர்ந்து மெல்லிய நரம்பு ஓடும். சேலைக்கும் சட்டைக்கும் மட்டும் இதைச் செய்துகொண்டிருந்தால் அந்தப் பட்டறை கொழும்பின் சில நூறு வீடுகளோடு நின்றிருக்கும்.

அதைப் பெரிதாக்கியது ஒரு ஹோட்டல். 1966-ல் இலங்கை அரசு சுற்றுலாச் சபையை அமைத்தது. பெந்தோட்டையில் கடற்கரைச் சுற்றுலா மையம் ஒன்றைத் திட்டமிட்டது. பெந்தோட்டை பீச் ஹோட்டல் பாவாவின் அலுவலகத்துக்கு வந்தது. 1969-ல் முடிந்த அந்த ஹோட்டலின் வரவேற்புக் கூடத்துக்குள் வந்து அண்ணாந்தால், விட்டங்களுக்கிடையே முழுக்க பத்திக் துணி. சிவப்பும் மஞ்சளும் நீலமும் எரிகிற கூரை. அடியில் சுவர்கள் எல்லாம் கல்லும் சுண்ணாம்பும். வெளியே கண் கூசும் கடற்கரை வெயிலிலிருந்து வருகிற பயணிக்கு அந்த இருட்டான கல் நடையும் அதன் மேல்விரியும் நிறமும் சேர்ந்துதான் ஊரை அறிமுகப்படுத்தின. அங்கே துணி தான் கூரை. கழற்றிவிட்டால் அறையே வேறு.

வடிவமைப்பாளர்கள் சாதாரணமாகச் சொல்லும் 'உள்ளூர்க் கலைகளுக்கு ஆதரவு' என்பதற்கும் இதற்கும் உள்ள தூரம் இங்கேதான் தெரிகிறது. பெரும்பாலான நிறுவனங்கள் கண்காட்சிக்கு நன்கொடை கொடுக்கும், விழா மலரில் விளம்பரம் கொடுக்கும், வரவேற்பறையில் இரண்டு ஓவியம் மாட்டும். நல்லதுதான். ஆனால் நன்கொடை ஓர் ஆண்டு வரும், அடுத்த ஆண்டு வராது. கட்டடத்தின் செலவுக் கணக்கில் கூரை என்ற தலைப்பிலேயே பத்திக் வந்துவிட்டால், அந்தக் கலைஞருக்குக் கிடைப்பது கூலி, கெடு, அளவு, அடுத்த வேலைக்கான பேச்சு. பட்டறையில் ஆள் சேர்க்க முடியும், பழக்க முடியும். ஏனா பிற்பாடு 1980-களில் அலுவிகாரைக்கே திரும்பி, ஊர்ப் பெண்களை வைத்துப் பத்திக், பூத்தையல், பித்தளை வார்ப்பு, தச்சு என்று பட்டறைகளை நிலைநாட்டினார். அந்தத் துணிவு வெற்றிடத்திலிருந்து வரவில்லை. ஹோட்டல்களும் அரசுக் கட்டடங்களும் கொடுத்த பெரிய வேலைகள் பின்னால் இருந்தன.

லக்கி சேனாநாயக்கவின் கதை இன்னும் சுவையானது. அவர் அந்த அலுவலகத்துக்கு வரைவாளராகத்தான் வந்தார். கட்டடக்கலைஞரின் வரைபடத்தில் மரம் என்றால் சாதாரணமாக ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி. லக்கி வரைந்தால் இலை தெரியும். ஈழத்தலரியின் முறுக்கிய கிளை எது, தென்னையின் சாய்வு எது, பலாவின் அடர்த்தி எது என்று பார்த்ததும் சொல்லலாம். பாறை இருந்தால் பாறையின் விளிம்பு; சரிவு இருந்தால் சரிவின் புல். இஸ்மத் ரஹீம் உள்ளிட்ட மற்றவர்களும் அந்த வழியில் வர, அந்த அலுவலகத்துக்கென்றே ஒரு வரைபட முறை உண்டானது. ஆசியக் கட்டடக்கலைஞர்கள் பலர் பின்னர் அதைப் பார்த்து வரைந்தார்கள். 1986-ல் இலண்டனில் பிரிட்டிஷ் அரச கட்டடக்கலைஞர் நிறுவகத்தில் பாவாவின் பணிகள் காட்சிக்கு வந்தன. 2022-ல் கொழும்பில் அவருடைய ஆவணக் காப்பகத்திலிருந்து பெரிய கண்காட்சி நடந்தது. இப்படிப்பட்ட காட்சிகளில் சுவரில் தொங்கியவை பெரும்பாலும் இந்த வரைபடங்கள்தான். உலகம் பாவாவை அறிந்த வழியில் ஒரு பாதி, ஓவியர்களின் கைவழியாகப் போனது என்று சொன்னால் மிகையில்லை.

மரத்தை அப்படி வரைவது அழகுக்காக மட்டும் இல்லை. மனையில் இருக்கிற மரத்தை இலை இலையாக வரைந்துவிட்டால், அதை வெட்டிவிட்டு அங்கே தூண் நிறுத்துவது கடினம். பொலொந்தலாவையில் 1960-களின் நடுவில் கட்டிய தோட்ட பங்களா பெரும் பாறைகளுக்கு நடுவே, அவற்றையே தாங்குசுவராகக் கொண்டு நிற்கிறது. முதலில் பாறையைப் பார்க்கத் தெரிந்த கண் வேண்டும். வீடு பிறகு வரும்.

லக்கி வரைமேசையோடு நிற்கவில்லை. பித்தளை, செம்பு, மரம் என்று எதையும் சிற்பமாக்கினார். 1979-ல் இலங்கை வெளியிட்ட, பறவையும் விலங்கும் பூவும் நிறைந்த ரூபாய்த் தாள்கள் அவருடைய கைவண்ணம். அந்தத் தலைமுறையில் இலங்கையில் வளர்ந்த தமிழருக்கும் சிங்களவருக்கும் அவருடைய ஓவியம் சட்டைப் பையிலேயே இருந்தது. காலியில் பாவா வடிவமைத்து 1997-ல் முடிந்த லைட்ஹவுஸ் ஹோட்டலின் படிக்கட்டு அவருடைய பெரும் படைப்புகளில் ஒன்று. நுழைவாயில் கோட்டைச் சுவர்போல் மூடிக்கிடக்கும். உள்ளே உருளை வடிவக் கூண்டுக்குள் படி சுழன்று மேலே போகும். அந்தச் சுழற்சியின் கைப்பிடி ஓரம் முழுக்க உலோக வீரர்கள்: வாள் ஓங்கியவன், குதிரையில் வருபவன், விழுந்துகிடப்பவன். 1630-ல் போர்த்துக்கேயப் படையைக் கண்டி அரசின் படை முறியடித்த ரந்தெனிவெலப் போர் அது. ஒவ்வொரு சுற்றிலும் சண்டை கூடவே ஏறி வரும். படியை வடிவமைத்துவிட்டுச் சிற்பத்தைக் கேட்டிருந்தால் இது நடந்திருக்காது. படியின் சரிவும் கூண்டின் அகலமும் அந்தப் போரை ஏற்றிக்கொள்ளும்படி இருக்கின்றன. பாவாவின் கந்தளமை ஹோட்டலின் படிக்கட்டில் சிறகு விரித்த பேராந்தையும் அவருடையதுதான். 2021-ல் அவர் காலமானபோது பாவாவின் கூட்டாளி என்றே பல அஞ்சலிகள் அறிமுகம் செய்தன. அவர் அதைவிடப் பெரியவர்.

பார்பரா சன்சோனி தறிப் பக்கத்திலிருந்து வந்தவர். கத்தோலிக்கக் கன்னியர் மடம் ஒன்று ஆதரவற்ற பெண்களுக்காக நடத்திய நெசவுப் பணிக்கு வடிவமும் நிறமும் கொடுக்க அழைக்கப்பட்டு, 1964-ல் பேர்ஃபுட் என்ற கைத்தறி நிறுவனத்தைத் தொடங்கினார். அதே நல்லாயன் மடத்துக் கன்னியர்தான் ஹன்வெல்லைப் பண்ணைப் பள்ளிக்காக பாவாவின் அலுவலகத்தை நாடினார்கள். கலைஞரும் கட்டடக்கலைஞரும் வாடிக்கையாளரும் ஒரே சின்ன வட்டத்துக்குள் சுற்றியது இதில் தெரியும். அந்த வட்டம் ஆங்கிலம் பேசிய, வசதி படைத்த கொழும்பு வட்டம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் ஊர் சுற்றினார்கள். 1960-களின் தொடக்கத்தில் பார்பராவும் பிளெஸ்னரும் லக்கியும் இன்னும் சிலரும் இலங்கை முழுக்கப் போய்ப் பழைய விகாரை, வளவு எனப்படும் சிங்களப் பிரபுக்களின் மாளிகை, அம்பலம் எனப்படும் வழிப்போக்கர் மடம், டச்சு வீடு என்று அளந்து வரைந்தார்கள். கோவிலின் தூணிலிருந்து படியின் உயரம்வரை நாடா பிடித்து அளக்கும் அந்த வேலைக்கு எந்தப் பரிசும் இல்லை. அந்த அளவுகள் பின்னால் ஹோட்டல்களின் தாழ்வாரங்களில் வந்து உட்கார்ந்தன.

இத்தனை ஓவியர்களை வைத்துக்கொண்டு ஒரு நிறுவனம் எப்படிக் கெடு தவறாமல் கட்டியது? அதற்குப் பதில் ஒரு தமிழரின் பெயர்: பொறியியலாளர் கே. பூலோகசுந்தரம். பிளெஸ்னர் இலங்கையை விட்டுப் போன பிறகு 1967-ல் பங்காளியானவர். அடுத்த இருபது ஆண்டுகளுக்கு மேல் கட்டமைப்புக் கணக்கும் நிர்வாகமும் அவர் தோளில். பாவா கட்டுமான இடத்தில் நின்று சுவரை இடித்து மாற்றச் சொல்லக்கூடியவர். அப்படி ஒருவர் மனம்போல் வேலைசெய்ய, பக்கத்தில் கம்பிக் கணக்கும் ஒப்பந்தக் கணக்கும் தெரிந்த ஒருவர் அசையாமல் நிற்க வேண்டும். 1970-களின் பிற்பகுதியில் கொழும்பில் எழுந்த அரச ஈட்டு வங்கிக் கட்டடம் மாடிக் கட்டடமாக இருந்தும் காற்றோட்டத்தை நம்பி வடிவமைக்கப்பட்டது. அதிலெல்லாம் பொறியியலைக் கழித்துவிட்டு அழகைப் பேச வழியில்லை. பாவா பற்றிய தமிழ் எழுத்துகளில்கூட பூலோகசுந்தரம் ஒரு வரியில் கடந்துபோவது எனக்கு வருத்தமான விஷயம்.

இருவரும் சேர்ந்து செய்த பெரிய வேலை பாராளுமன்றம். 1979-ல் ஒப்படைக்கப்பட்டு, 1982 ஏப்ரல் 29-ல் திறக்கப்பட்டது. கோட்டேயின் சதுப்பு நிலத்தைத் தூர்வாரி ஏரியாக்கி, நடுவில் தீவு விட்டு, அதன்மேல் செப்புக் கூரைகளை நிறுத்தினார்கள்; கட்டியது ஜப்பானிய மிட்சுயி நிறுவனம். மூன்று ஆண்டுக்குள் முடிய வேண்டிய, வெளிநாட்டு ஒப்பந்தக்காரர் கட்டும் அரசுக் கட்டடத்திலும் இந்த அலுவலகம் தன் பழக்கத்தை விடவில்லை. ஏனாவின் பத்திக் கொடிகள் தொங்குகின்றன; சபை மண்டபத்துக்கு மேலே லக்கியின் பனையோலை வடிவச் சரவிளக்கு. 1977-க்குப் பிறகு பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு, எதை வேண்டுமானாலும் இறக்கலாம் என்ற நிலை வந்துவிட்டது. ஆகவே 1960-களில் வேறு வழியில்லாமல் தொடங்கியதை, இப்போது வழியிருந்தும் விரும்பியே தொடர்ந்தார்கள். என் பார்வையில் அந்த அலுவலகத்தின் உண்மையான தேர்ச்சி இங்கேதான் நிரூபணமாகிறது.

அந்தக் கட்டடத்துக்கு மரபுரிமை விருது வந்த ஆண்டு 1983. அதே ஆண்டு ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்தன. ஆகஸ்டில் அதே அவையில், தனிநாடு கோருவதைத் தடைசெய்யும் அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் நிறைவேறியது. அது கேட்ட உறுதிமொழியை எடுக்க மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் தங்கள் ஆசனங்களை இழந்தார்கள். கட்டடத்தின்மேல் அந்தப் பழியைப் போடவில்லை. ஆனால் தேசத்தின் மரபு என்று ஒரு விருது பாராட்டும்போது, அந்த மரபில் யார் யார் இடம்பெற்றார்கள் என்று தமிழில் எழுதுகிறவர் கேட்காமல் இருக்க முடியாது. அந்தக் கூரைகளைக் கண்டிய மரபின் தொடர்ச்சியாகவே பலரும் படித்தார்கள். அவற்றுக்கு அடியில் ஒரு தமிழ்ப் பொறியியலாளரின் உழைப்பு இருந்தது.

பெயர் விடுபடுவதில் இன்னொரு பெரிய வழக்கு கட்டடக்கலைஞர் மினெட் டி சில்வா. பாவா கட்டடக்கலைப் படிப்பில் சேர்வதற்கு முன்பே, 1948-ல் பிரிட்டிஷ் அரச நிறுவகத்தின் உறுப்பினரான முதல் இலங்கைப் பெண். 1950-களின் தொடக்கத்தில் கண்டியில் அவர் கட்டிய கருணாரத்ன வீட்டில் கண்டிப் பகுதியின் மரபான தும்பறைப் பாய் நெசவு கதவுப் பலகைகளில் வந்தது. சுடுமண் ஓடுகளில் நடன உருவங்கள் வந்தன. சுவரோவியத்தை ஓவியர் ஜார்ஜ் கீற் தீட்டினார். கைவினைஞரைக் கட்டடத்துக்குள் கூட்டிவரும் வழியை இலங்கையின் நவீனக் கட்டடக்கலையில் முதலில் வகுத்தவர் அவரே. பிளெஸ்னர் 1958-ல் இலங்கைக்கு வந்ததும் மினெட்டின் அழைப்பில்தான். பிறகுதான் பாவாவிடம் போனார். பாவாவுக்குத் தங்கப் பதக்கம் கொடுத்த அதே இலங்கை நிறுவகம் மினெட்டுக்கு அதை 1996-ல் கொடுத்தது. பதினான்கு ஆண்டு இடைவெளி. 1998-ல் அவர் மறைந்தார். அவரிடம் பெரிய அலுவலகம் இல்லை. பூலோகசுந்தரம்போல் ஒரு பங்காளி இல்லை. ஆண்கள் நடத்திய தொழிலில் தனியாக நின்ற பெண். விருது தகுதியைத்தான் தேடிப்போகிறது என்று நம்ப விரும்புகிறோம். அது நிலைத்த நிறுவனத்தையும் தேடிப்போகிறது. 2022-ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் தெற்காசியக் கட்டடக்கலை பற்றி நடத்திய கண்காட்சியில் இருவரும் ஒருங்கே இடம்பெற்றது தாமதமான நியாயம்.

ஆகா கான் விருதின் நடைமுறையைத் தெரிந்துகொண்டால் இந்தப் பேச்சு இன்னும் தெளிவாகும். 1977-ல் தொடங்கிய அந்த விருது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வரும். பெரும்பாலான விருதுகள் படத்தையும் வரைபடத்தையும் பார்த்து முடிவுசெய்யும்போது, இது நிபுணர்களை நேரில் அனுப்பிக் கட்டடத்தைச் சோதிக்கிறது. வாழ்பவர்களிடம் பேசச் சொல்கிறது. ஒரு கட்டடம் தேர்வானால், பரிசு கட்டடக்கலைஞருக்கு மட்டும் போகாது. கட்டச் சொன்னவர், பொறியியலாளர், கட்டுநர், தலைமைக் கைவினைஞர் என்று பங்களித்தவர்களையும் நடுவர் குழு சேர்த்துக்கொள்ளலாம். முஸ்லிம் சமூகங்களுக்குப் பயன்படும் கட்டடங்களே அதன் முதன்மை வட்டம். அந்த வட்டத்துக்கு வெளியே நிற்கும் வாழ்நாள் பணியைக் கௌரவிக்கத்தான் தலைவர் விருது. பாவாவின் கட்டடங்களில் பெரும்பாலானவை அந்த வட்டத்துக்குள் வராதவை. ஆகவே அவருக்குத் திறந்த கதவு அது. விளைவு என்னவென்றால், கைவினைஞர் பெயரையும் எழுதக்கூடிய உலகின் அரிய விருதுகளில் ஒன்று, கைவினைஞர்களோடு மிக நெருங்கி வேலைசெய்த அலுவலகத்துக்கு வந்தபோது, ஆளுக்கான விருதாக வந்தது. ஆளுக்கான விருதில் பங்கு பிரிக்க இடமில்லை.

தமிழ்நாட்டு வாசகர்கள் இந்த வேலையைப் பார்க்கக் கடல் கடக்க வேண்டியதில்லை. 1970-களின் முற்பகுதியில் பாவா மதுரை கோச்சடையில் மதுரா மில்ஸ் நிறுவனத்துக்காக ஒரு கிளப் கட்டினார். இன்று அது ஹெரிடேஜ் மதுரை ஹோட்டலின் பகுதி. சென்னையில் கன்னிமாரா ஹோட்டலின் புதுப்பிப்பிலும் அதே காலத்தில் அவர் பணி உண்டு. எதிர்த் திசையிலும் போக்குவரத்து இருந்தது: கொழும்பு 33-ஆம் ஒழுங்கையில் அவர் வாழ்ந்த 11-ஆம் இலக்க வீட்டுக்குள் செட்டிநாட்டுத் தூண்களும் கதவுகளும் நிற்கின்றன. காரைக்குடிப் பக்கம் வீடுகளைப் பிரித்து விற்ற காலத்தில் நாம் எடைபோட்டுக் கொடுத்தவற்றை, அங்கே ஒருவர் வெளிச்சம் விழும் இடம் பார்த்து நிறுத்தியிருக்கிறார்.

ஏனாவின் வீடு என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். அல்ஃப்ரட் பிளேஸ் மனை கைமாறி, வீடு இடிபடும் நிலை வந்தது. அப்போது தொல்லியல் துறையில் பழக்கமான முறையில் ஒவ்வொரு கல்லுக்கும் மரத்துக்கும் ஓட்டுக்கும் எண்ணிட்டு, பிரித்து, லுணுகங்கையில் மறுபடி நிறுத்தினார்கள். 2016-ல் பார்வைக்குத் திறந்தார்கள். ஏனா அதற்கு முந்தைய ஆண்டே மறைந்துவிட்டார். அலுவலகமாக இருந்த அல்ஃப்ரட் ஹவுஸ் வீதிக் கட்டடம் 1998 முதல் கேலரி கஃபே. முற்றம் முற்றமாகக் கடந்து போகும் அந்த வழியில் இன்றும் ஓவியக் காட்சிகள் நடக்கின்றன. பெந்தோட்டை ஹோட்டலை பாவாவின் மாணவர் சன்ன தஸ்வத்த அண்மையில் புதுப்பித்தபோது பத்திக் கூரையை மீண்டும் செய்து ஏற்றினார்கள். மெழுகும் சாயமும் தெரிந்த கைகள் இன்னும் இருந்ததால்தான் அது முடிந்தது. கட்டடத்தைப் பேணுவதற்கு வரைபடம் மட்டும் போதாது, பட்டறையும் உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று எனக்குத் தெரியாது.

ஜெஃப்ரி பாவா அறக்கட்டளை இப்போது தானே ஒரு விருது வழங்குகிறது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, இலங்கையில் கட்டப்பட்ட சிறந்த வேலைக்கு. இளம் அலுவலகங்கள் அதற்காகக் காத்திருக்கின்றன, நல்லது. இந்தியாவிலும் இலங்கையிலும் இப்படி விருது நடத்தும் எல்லோரிடமும் கேட்பதற்கு ஒன்று இருக்கிறது. விண்ணப்பப் படிவத்தில் கட்டமைப்புப் பொறியியலாளருக்கும் விளக்கு வடிவமைப்பாளருக்கும் தனித்தனி வரி இருக்கிறது. தச்சருக்கும் ஸ்தபதிக்கும் நெசவாளருக்கும் சாயக்காரருக்கும் ஒரு வரி சேர்க்கச் செலவு எதுவும் இல்லை. அந்த வரி இருந்தால், அதை நிரப்ப வேண்டுமே என்பதற்காகவாவது நாலு கட்டடக்கலைஞர்கள் வேலையின் தொடக்கத்திலேயே அவர்களைத் தேடிப் போவார்கள்.